இலை விழுகிறதா? வேரைப் பாருங்கள்



ஆர்கிட் செடியைப் பற்றிக் கேட்டு எழுதுகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பிறந்தநாளுக்கோ புதுமனை புகுவிழாவுக்கோ யாரோ அன்பாகக் கொடுத்த தொட்டி. வந்தபோது வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்து நின்றது. இரண்டு மூன்று மாதத்தில் பூ உதிர்ந்தது. அதற்கப்புறம் இலைகள் துவண்டு, சுருங்கி, மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் ஒரு வரி வந்துவிடுகிறது: 'ஒருநாள்கூடத் தவறாமல் தண்ணீர் ஊற்றினேனே!' அதைப் படிக்கும்போதெல்லாம் மனசு சங்கடப்படுகிறது. ஏனென்றால், பெரும்பாலான வீடுகளில் ஆர்கிட்டின் இலையை விழவைப்பது தினமும் ஊற்றுகிற அந்தத் தண்ணீர்தான்.

கடைகளில் பரிசுக்கென்று விற்கும் ஆர்கிட் பெரும்பாலும் ஃபலெனாப்சிஸ் வகை. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளின் மழைக்காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்கிற இனம் அது. அதன் வேர் மண்ணைப் பார்த்ததே இல்லை. கிளையைத் தழுவியும் காற்றில் தொங்கியும் கிடக்கும். மழை கொட்டும்போது நனைந்து, காற்று வீசினால் சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். வேரைச் சுற்றி வெலமென் என்றொரு தடித்த வெள்ளை உறை இருக்கிறது. உயிரற்ற செல்களாலான அந்த உறை பஞ்சுபோல நீரைச் சட்டென்று உறிஞ்சி உள்ளே அனுப்புகிறது. உலர்ந்த வேர் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருக்கும், நனைந்ததும் பச்சையாகிவிடும். தண்ணீர் எப்போது வேண்டும் என்று செடி நமக்குக் காட்டுகிற அடையாளமே அந்த நிறமாற்றம்தான்.

இந்த வேரை ஈரப் பாசியில் இறுக்கி, ஓட்டையில்லாத அலங்காரத் தொட்டிக்குள் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? காற்று இருக்க வேண்டிய இடைவெளியெல்லாம் தண்ணீர் நிறைந்துவிடும். வேர் மூச்சுவிட முடியாமல் இறக்கும். பிறகு பூஞ்சை பிடித்து அழுகும். வேர் போய்விட்டால், சுற்றிலும் ஈரம் இருந்தும் செடியால் ஒரு சொட்டுக்கூடக் குடிக்க முடியாது. இலையில் சேர்த்து வைத்த நீரைச் செலவழித்துத்தான் அது உயிரைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் இலை தோல்போலச் சுருங்குகிறது. நாமோ அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம். தண்ணீர் போதாத செடியும் தண்ணீர் மிகுந்த செடியும் இலையளவில் ஒன்றுபோலவே தெரியும். வேரைப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

இது நாம் மட்டும் தடுமாறிய இடமில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல் கப்பலாக ஆர்கிட்டுகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர்கள், வெப்பநாட்டுச் செடி என்றால் புழுக்கமும் ஈரமும்தான் வேண்டும் என்று நம்பினார்கள். காற்றோட்டமில்லாத சூடான கண்ணாடி அறைகளில் அடைத்து வைத்தார்கள். எண்ணற்ற செடிகள் அழுகிச் செத்தன. 1830களில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன், கண்ணாடி அறைக்குள் காற்று வரவிட்டு, அந்தந்த ஆர்கிட்டின் சொந்த ஊர்த் தட்பவெப்பத்துக்கு ஏற்ப வளர்த்துக் காட்டினார். அவருடைய எஜமானரான டெவன்ஷயர் பிரபுவுக்கு ஆர்கிட் மீது அப்படியொரு மோகம். ஜான் கிப்சன் என்ற தோட்டக்காரரை இன்றைய மேகாலயாவின் காசி மலைகள்வரை அனுப்பிச் செடிகளைத் திரட்டினார். திரட்டியது பெரிய காரியம்தான். ஆனால் சன்னலைத் திறந்ததுதான் செடிகளைக் காப்பாற்றியது என்பேன்.

சரி, இலை விழுந்தாலே ஆபத்தா? இல்லை. ஃபலெனாப்சிஸ் ஒரே குருத்திலிருந்து மேல்நோக்கி வளர்கிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று புது இலை விட்டு, ஆக அடியில் இருக்கும் கிழ இலையிலிருந்து சத்தை இழுத்துக்கொண்டு அதைக் கழித்துவிடும். அடியிலை ஒன்று மட்டும் மெல்லப் பழுத்து, மற்றவை விறைப்பாக இருந்தால் கவலையே வேண்டாம். தானாக விழட்டும், பிய்க்காதீர்கள். ஒரே நேரத்தில் பல இலைகள் துவண்டாலோ, இளம் இலை முதலில் மஞ்சளானாலோ சும்மா இருக்கக் கூடாது. நடுக்குருத்து கறுத்து, தொட்டதும் இலை அடியோடு கழன்று கையில் வந்தால் அது குருத்தழுகல். இலைகளின் நடுவே இரவெல்லாம் தண்ணீர் தேங்கியதால் வருவது. ஆகவே காலையில் ஊற்றுங்கள். குருத்தில் தண்ணீர் நின்றால் துணி நுனியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

வேரைப் பார்க்கப் பயப்பட வேண்டாம். செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாக எடுத்து, பழைய பாசியை உதிர்த்து, வேரைத் தண்ணீரில் அலசுங்கள். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருப்பது நல்ல வேர். கொழகொழவென்றோ, உள்ளே ஒன்றுமில்லாமல் வெறும் நாராகவோ இருப்பது செத்த வேர். தீயில் காட்டி ஆறவைத்த கத்தரிக்கோலால் அதை வெட்டிவிடுங்கள். வெட்டுவாயில் மட்டும் சமையலறைப் பட்டைத் தூளைத் தொட்டு வைக்கலாம். நல்ல வேரில் பட்டால் அதையும் காயவைத்துவிடும். பூத்தண்டு மிச்சமிருந்தால் அதையும் வெட்டிவிடுவது நல்லது. நோயாளிச் செடிக்குப் பூ பெரிய சுமை.

சிறிது நேரம் காற்றாட வைத்துவிட்டு, பக்கமெல்லாம் ஓட்டை உள்ள சின்னத் தொட்டியில் மரப்பட்டைத் துண்டு, கரித்துண்டு, ஓட்டுச்சில்லு போட்டு நடுங்கள். தொட்டி கண்ணாடிபோலத் தெரிகிற பிளாஸ்டிக்காக இருந்தால் வேரின் நிறம் வெளியே தெரியும். தேங்காய் மட்டைத் துண்டு நமக்கு எளிதாகக் கிடைக்கும். அதில் உப்பு இருக்கும் என்பதால் சில நாள் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றி அலசிய பிறகே பயன்படுத்துங்கள். மட்டையோ பட்டையோ இரண்டு வருடத்துக்குள் மட்கிக் கூழாகத் தொடங்கும். அப்போது மாற்றிவிட வேண்டும். புது வேர் நுனி வரும்வரை உரம் வேண்டாம். வந்த பிறகும், பாக்கெட்டில் போட்ட அளவில் கால்பங்கு போதும். சுருங்கிய பழைய இலை முன்போல விறைப்பாகாமலே போகலாம். அதை வைத்து எடை போடாதீர்கள். பளபளப்பான பச்சை வேர் நுனி ஒன்று எட்டிப் பார்த்தால் செடி பிழைத்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

சென்னை போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். அக்னி நட்சத்திர வெயில் நேராகப் பட்டால் இலை ஒரே மதியத்தில் வெந்து வெளுத்துவிடும். கிழக்குச் சன்னலின் காலை வெளிச்சம் போதும். இலையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உடனே நகர்த்துங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் செடியைத் திறந்த பால்கனியில் விடாதீர்கள். வாரக்கணக்கில் உலராத தொட்டியில் வேரழுகல் நிச்சயம். அந்த மாதங்களில் தண்ணீர் ஊற்றும் நாளை நாட்காட்டி பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது, வேரின் நிறம் பார்த்துத் தீர்மானியுங்கள். போர் தண்ணீரின் உப்பு வேர் நுனியைக் கருக்கும். பட்டைத் துண்டுகளின் மேல் வெள்ளையாகப் படிவது அந்த உப்புதான். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

ஏசியின் குளிர்காற்று நேராக அடிக்கும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள். இலையின் அடிப்பக்கத்தில் மாவுப்பூச்சி ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

டென்ட்ரோபியம் வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கரும்புபோல் கணுக்கணுவாகத் தண்டு விடும் ஆர்கிட் அது. சில வகைகள் பருவத்தில் இலை முழுவதையும் கொட்டிவிட்டு, மொட்டைத் தண்டிலேயே பூக்கும். இலை போனது என்று தண்டை வெட்டி எறிந்துவிடுகிறவர்கள் அதிகம். தண்டு பச்சையாகவும் கெட்டியாகவும் இருக்கும்வரை அதில் நீரும் உணவும் சேமிப்பாக இருக்கிறது. கணுவிலிருந்து குட்டிச் செடிகூட முளைக்கலாம். காய்ந்து சருகான தண்டை மட்டும் அகற்றினால் போதும்.

இனி எங்களுக்குப் படம் அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இலையை மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரை நன்றாக அலசி, பகல் வெளிச்சத்தில் ஒரு படம். நடுக்குருத்தை மேலிருந்து ஒரு படம். எந்த ஊர், எந்தத் திசைச் சன்னல், என்ன தண்ணீர், கடைசியாக எப்போது தொட்டி மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்