தலையிட மாட்டார்களாம்

சபரிமலையில், பொன்னம்பலமேட்டில் மகர சங்கராந்தி மாலையில் தெரியும் வெளிச்சம் எப்படி வருகிறது என்று ஆராயப் போவதில்லை. அது பக்தர்களின் நம்பிக்கை, அதில் தலையிட மாட்டோம். புல்மேட்டில் 102 பேர் மிதிபட்டுச் செத்த சோகம் ஆறுவதற்குள், 2011 ஜனவரியிலேயே கேரள அரசு எடுத்த முடிவு இது. அதன்பின் ஆட்சி மாறியது, நாற்காலிகளில் ஆட்கள் மாறினார்கள். முடிவு மட்டும் அசையவில்லை. தை பிறக்கும்போதெல்லாம் அதைத் தூசு தட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

ஆராய்வதற்கு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் நமக்குப் புரியவில்லை. வானில் தெரியும் நட்சத்திரம்தான் மகரஜோதி, மேட்டில் தெரியும் மகரவிளக்கு மனிதர்கள் ஏற்றுவது என்று மூத்த தந்திரி கண்டரரு மகேஸ்வரரு 2008-லேயே சொல்லிவிட்டார். புல்மேட்டு விபத்துக்குப் பிறகு கேரள உயர் நீதிமன்றம் இதே கேள்வியைக் கேட்டது. மலையை நிர்வகிக்கும் தேவஸ்வம் வாரியத்தாரும் அந்த ஆண்டே ஒப்புக்கொண்டார்கள்: கற்பூரம் கொளுத்தி மூன்று முறை காட்டுகிறார்கள், அவ்வளவுதான். தெரியாத ஒன்றைத் தோண்டாமல் விடுவதை அடக்கம் என்று சொல்லலாம். தெரிந்ததை, அதுவும் தாமே ஒப்புக்கொண்டதை, அங்கே கூடி நிற்கும் லட்சக்கணக்கானவர்களிடம் சொல்லாமல் விடுவதற்கு என்ன பெயர்?

பக்தர்களோடு நமக்கு வழக்கு இல்லை. நாற்பத்தொரு நாள் விரதமிருந்து இருமுடி கட்டிப் போகிறவர்களில் பலருக்கு இது பழைய செய்தி. தமிழ்நாட்டிலிருந்து குழு கூட்டிப் போகும் குருசாமிகளைக் கேட்டுப் பாருங்கள். ஏற்றுகிற கை யாருடையதாக இருந்தால் என்ன, நாங்கள் கும்பிடுவது ஐயப்பனை என்பார்கள். அது நேர்மையான பதில். அதே கூட்டத்தில், அந்த ஒளி தானாகத் தோன்றுகிறது என்று நம்பி, அதை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று மரத்திலும் பாறையிலும் தொற்றி நிற்கும் முதல்முறைக் கன்னிசாமிகளும் இருக்கிறார்கள். இந்த முடிவு அவர்களைத்தான் ஏமாற்றுகிறது.

உண்மையைச் சொன்னால் நம்பிக்கை குலைந்துவிடும் என்பவர்கள் ஒருமுறை திருவண்ணாமலைக்கு வந்து பார்க்கட்டும். கார்த்திகை தீபத்தன்று மலையுச்சிக்குக் கொப்பரை போவதை ஊரே பார்க்கிறது. ஏற்றுகிறவர்கள் பருவத ராஜகுலத்தார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எத்தனை கிலோ நெய், எத்தனை மீட்டர் திரி என்று பத்திரிகைகளில் வருகிறது. அதனால் ஒருவராவது அண்ணாமலையாருக்கு அரோகரா போடாமல் திரும்பியதுண்டா? 2024 டிசம்பரில் அந்த மலையில் மண் சரிந்து உயிர்கள் போனபோது, நிலவியல் வல்லுநர்கள் போய்ப் பார்த்தார்கள். பக்தர்கள் மலையேற வேண்டாம் என்று அரசு சொன்னது. வருத்தம் இருந்தது. ஆனாலும் தீபம் ஏறியது, ஊர் கீழே நின்று கும்பிட்டது. ஏற்றுவது மனிதர்கள் என்பதில் ஒளிவுமறைவு இல்லாததால், கூட்டத்தைப் பற்றியும் ஒளிவுமறைவு இல்லாமல் முடிவெடுக்க முடிந்தது.

புல்மேட்டில் அது முடியவில்லை. வண்டிப்பெரியாறு, சத்திரம் வழியாக வருகிறவர்களுக்கு, நம் பக்கத்து ஆட்களுக்குப் பழக்கமான பாதை அது. மேட்டிலிருந்து வெளிச்சம் நன்றாகத் தெரியும் என்பதால் 2011 ஜனவரி 14 அன்று அங்கே கூடியவர்கள் லட்சக் கணக்கு. மின்விளக்கு இல்லை. போலீஸ் பெயருக்கு இருந்தது. வெளிச்சம் தெரிந்து முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக, இருட்டில் இறங்கினார்கள். உப்புப்பாறை அருகே குறுகலில் வண்டிகள் நின்றிருந்தன. பாதையின் குறுக்கே கட்டிய சங்கிலி பற்றியும் அப்போது நிறையப் பேசினார்கள். முன்னால் தடுக்கி விழுந்தவர் மேல் பின்னால் வந்தவர்கள் விழுந்தார்கள். தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் என்று எல்லா ஊருக்கும் உடல்கள் போயின. கூட்டத்தை அங்கே இழுத்தது எது? அந்த வெளிச்சம். அதை ஏற்றியது யார்? அது மட்டும் கேட்கக் கூடாத கேள்வியாம்!

அன்று அங்கே நடந்தது புதிதும் அல்ல. 1999-இல், அதே ஜனவரி 14 மாலையில், பம்பை ஹில்டாப்பில் விளக்குப் பார்த்துவிட்டு இறங்கியவர்களில் 50-க்கும் மேற்பட்டோர் நெரிசலில் மாண்டார்கள். கமிஷன் வந்தது, அறிக்கை வந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து வேறொரு மேட்டில் இரு மடங்குப் பிணம் விழுந்தது. இன்னொரு கமிஷன் வந்தது.

நம்பிக்கை விஷயத்தில் அரசு பேசக் கூடாது என்பது ஏதோ எழுதப்படாத சட்டம் என்றாவது ஒப்புக்கொள்ளலாமா? இந்த நாட்டிலேயே நடந்தவற்றைப் பாருங்கள். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று டெல்லியில் கிளம்பிய பேச்சு மாலைக்குள் லண்டன் வரை போனது. அரசு விஞ்ஞானிகள் சாயம் கலந்த பாலை எடுத்துக்கொண்டு போய், அது சிலையின் மேல் மெல்லிசாக வழிந்து இறங்குவதைக் காட்டினார்கள். பிள்ளையாருக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. 2006 ஆகஸ்டில் மும்பை மாஹிம் கடல்நீர் இனிக்கிறது, அங்கே அடங்கியிருக்கும் மக்தூம் ஷா பாபாவின் அருள் என்று மக்கள் பாட்டிலில் பிடித்துக் குடித்தார்கள். மழைக்காலத்தில் ஆற்று நீர் கலக்கிறது, சாக்கடையும் சேர்ந்தே வருகிறது, குடிக்காதீர்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். நாட்டுக்கு வெளியேயும் பாருங்கள்: லூர்து மாதா திருத்தலத்தில் குணமானதாகச் சொல்லப்பட்டவை ஏழாயிரத்துக்கும் மேல். மருத்துவர்கள் அலசி, ஆயர்கள் ஏற்று, புதுமை என்று அறிவித்தவை 72. நம்புகிறவர்களே வடிகட்டி வைத்துக்கொண்டு நம்புகிறார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு, மறைக்கவில்லை. 2012-இல் மும்பையில் வேளாங்கண்ணி மாதா ஆலயத்துச் சிலுவையில் நீர் சொட்டியபோது, அது அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாயிலிருந்து சுவரில் ஏறிய நீர் என்று சொன்ன பகுத்தறிவாளர் சனல் எடமருகு மீது மத உணர்வைப் புண்படுத்தியதாக வழக்கு பாய்ந்தது. அவர் பின்லாந்துக்குப் போனார். எருசலேமில் உயிர்ப்புத் திருவிழாவின் முந்தைய நாள் கல்லறையில் தானாகத் தோன்றுவதாகச் சொல்லும் தீயை 1238-இலேயே போப் ஒன்பதாம் கிரிகோரி ஏற்க மறுத்துவிட்டார். கிழக்குத் திருச்சபையினர் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். 1834-இல் அங்கேயும் நெரிசல், நூற்றுக்கணக்கில் சாவு. இன்று உள்ளே எத்தனை பேர் போகலாம் என்று காவல்துறை எண்ணிக்கை வைக்கிறது, திருச்சபை சண்டை போடுகிறது. போடட்டும். அங்கே எண்ணுவதற்கு ஒருவராவது இருக்கிறார்.

நம் மலைக்காரர்கள் எண்ணுவதில் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பதையும் பார்த்தாகிவிட்டது. 2023 ஜனவரியில் ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் என்று உயர் நீதிமன்றம் அரவணைப் பிரசாத விற்பனையை நிறுத்தியது. 6.65 லட்சம் டப்பாக்கள் சன்னிதானத்திலேயே தேங்கின. தீங்கில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நேரத்தில் பாயசம் கெட்டுப்போயிருந்தது. கடைசியில் உரமாக்கக் கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பக்தர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, முடியாமல், பந்தளத்தில் மாலையைக் கழற்றிவிட்டு ஊர் திரும்பினார்கள். துவாரபாலகர் சிலைகளின் பொன் போர்த்திய தகடுகள் கதை எல்லாருக்கும் தெரியும்: 2019-இல் மலையிறங்கியபோது 42.8 கிலோ, முலாம் பூசும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 38.258 கிலோ. பதிவேட்டில் எழுதியது செம்பு என்று. பொன்னைச் செம்பு என்று எழுதத் தெரிந்தவர்களுக்குக் கற்பூரத்தைக் கற்பூரம் என்று எழுதக் கை வரவில்லை.

இதற்கு மேலும் பொன்னம்பலமேடு யாருடையது என்று தெரியாத பாவனை செல்லாது. 2023 மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் அனுமதியின்றிப் பொன்னம்பலமேட்டுக்குப் போய்ப் பூஜை செய்தபோது, உடனே வனத்துறை வழக்கு, கைது, கண்டனம் எல்லாம் வந்தன. யார் அங்கே போகலாம், யார் போகக் கூடாது, எந்த நாளில் எந்த நேரத்தில் அங்கே தீபம் காட்டலாம் என்பதெல்லாம் கோப்பில் இருக்கிறது. மகர சங்கராந்தி அன்று மாலை தொலைக்காட்சியில் நேரலை, சிறப்புப் பேருந்துகள், பார்வையிடங்கள் என்று அரசு எந்திரம் முழுக்க இறங்குகிறது. இத்தனையும் செய்வது தலையீடு இல்லையாம். "இது நாங்கள் ஏற்றுவது, அடுத்த ஆண்டும் ஏற்றுவோம், அவசரப்படாமல் இறங்குங்கள்" என்று ஒலிபெருக்கியில் ஒரு வரி சொல்வது மட்டும் தலையீடாம்!

உண்டியல் நிறைகிற வரை புதிர் புதிராகவே இருக்கட்டும் என்பதுதான் இந்த முடிவின் உள்ளே இருக்கும் கணக்கு என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும். வேறு காரணம் இருந்தால் சொல்லட்டும். நம்பிக்கை என்ற ஒரு சொல்லைத் தவிர, இத்தனை ஆண்டில் ஒன்றுகூடச் சொன்னதில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று நாம் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. மலையை நடத்தத் தெரிந்தவர்களுக்கு அதையும் செய்யத் தெரியும். மண்டல காலம் தொடங்கும் முன், உண்மையை உரிய இடத்தில், உரியவர்கள், பக்தர்களுக்குப் புரிகிற மொழிகளில் சொல்வதற்கு ஏதேனும் ஒரு வழி காண வேண்டும். இருட்டில் இறங்குகிறவர்களுக்கும் ஏதேனும் செய்தாக வேண்டும். 2011-இன் முடிவை இன்னொரு ஆண்டுக்கு நீட்டிப்பதாக இருந்தால், இந்த முறையாவது கையெழுத்துப் போடுகிறவர் தன் பெயரைத் தெளிவாக எழுதட்டும். அடுத்து வரும் கமிஷனுக்கு யாரைக் கூப்பிடுவது என்று தேட வேண்டியிராது.