பாட்டியை யார் இறக்குவது?

சென்ற தை மாதத்தில் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். கீழே சாப்பாட்டுக் கூடம், மாடியில் மணமேடை. இந்தக் காலத்தில் கட்டுகிற மண்டபங்கள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. மாப்பிள்ளையின் பாட்டிக்கு வயது எண்பதுக்கு மேல். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து நடமாட்டம் இல்லை. முகூர்த்த வேளை நெருங்கியதும், "பாட்டி அட்சதை போடாமல் தாலி கட்டுவதா?" என்று ஒரு குரல் எழுந்தது. அவ்வளவுதான், நாலு பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பாட்டியை உட்கார வைத்து, ஆளுக்கொரு காலைப் பிடித்து, "மெதுவா, மெதுவா" என்று கூவிக்கொண்டே படியேறி, மணமேடைக்கு எதிரில் இறக்கி வைத்தார்கள். வீடியோக்காரர் அதையும் படம் பிடித்தார். பாட்டிக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

தாலி கட்டியாயிற்று. ஜனங்கள் பந்திக்கு இறங்கினார்கள். தூக்கி வந்த நாலு பிள்ளைகளும் முதல் பந்தியிலேயே இலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். பாரம் தூக்கினவர்களுக்குப் பசி எடுக்காதா? மாடியில் மிஞ்சியது பாட்டியும், இரண்டு மூன்று கிழவர்களும், காலி நாற்காலிகளும், ஹோமப் புகையும்தான். "ஏன் பாட்டி, உங்களை யார் கீழே இறக்குவார்கள்?" என்று கேட்டேன்.

"யாராவது வருவாங்கப்பா" என்றார்.

அந்த 'யாராவது' என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2024ஆம் வருஷம் டிசம்பர் 12ந் தேதி இரவு, திண்டுக்கல்லில் ஒரு தனியார் எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் தீப்பிடித்தது. ஆறு பேர் மாண்டார்கள். அவர்களில் ஒரு சிறு குழந்தையும் உண்டு. தப்பிக்க நினைத்து லிப்டில் ஏறியவர்கள் அதற்குள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். தீ என்றால் லிப்டில் ஏறக்கூடாது என்பது படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயந்தான். மின்சாரம் நின்றால் அது நடுவழியில் நிற்கும். லிப்ட் ஓடும் குழியோ புகைக்குப் புகைபோக்கி மாதிரி. ஆனால் யோசித்துப் பாருங்கள். காலில் மாவுக்கட்டோடு படுத்திருப்பவனிடம் "லிப்ட் வேண்டாம், படியில் இறங்கு" என்றால் அவன் எப்படி இறங்குவான்? எலும்பு முறிந்தவர்களுக்கென்றே நடக்கும் இடத்தில், அவர்களைப் படி வழியாக இறக்குவது எப்படி என்பது கட்டடம் எழும்பும்போதே தீர்மானமாகியிருக்க வேண்டிய காரியம்.

கல்கத்தாவில் 2011ஆம் வருஷம் டிசம்பர் 9ந் தேதி விடியற்காலையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் தீ மூண்டது. சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் நோயாளிகள். நெருப்பு அவர்கள் கட்டிலை நெருங்கவில்லை, புகைதான் மேலே ஏறி வந்து மூச்சை அடைத்தது. கேரளத்திலிருந்து வேலைக்குப் போயிருந்த இரண்டு இளம் நர்ஸுகள் தங்கள் வார்டிலிருந்து எட்டு நோயாளிகளை வெளியேற்றிவிட்டு, இன்னும் ஒருவரைக் கொண்டுவர உள்ளே போனார்கள், திரும்பவில்லை. அவர்களைத் தெய்வமென்று கும்பிடலாம். ஆனால் ஒரு வார்டு நோயாளிகளைத் தூக்குகிற வேலை இரண்டு பெண்களின் தோளில் விழுந்ததே, அதற்கு என்ன பதில்?

நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை மறந்திருக்க மாட்டீர்கள். 2001ஆம் வருஷம் ஆகஸ்ட் 6ந் தேதி அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை எரிந்தது. 28 பேர் சங்கிலியில் கட்டுண்டபடியே கருகிப் போனார்கள். அதற்கு முப்பத்தாறாவது நாள் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டன. அங்கே 69ஆம் மாடியில் நடக்க முடியாத ஒருவர் வேலை பார்த்து வந்தார். படியில் சறுக்கி இறங்கும்படி செய்த ஒரு மடக்கு நாற்காலியில் அவரை உட்கார வைத்து, கூட வேலை பார்த்த பத்துப் பேர் முறை வைத்துப் பிடித்து, தரை வரைக்கும் இறக்கிவிட்டார்கள். 1993இல் அதே கட்டடத்தில் குண்டு வெடித்தபோது பட்ட பாட்டுக்குப் பிறகு வாங்கி வைத்த நாற்காலி அது.

ஏர்வாடியின் சங்கிலியைச் சொன்னேனே, நம் கிராமங்களில் சங்கிலி இல்லை, பூட்டு உண்டு. சாலவாக்கம், பெருநகர், மானாம்பதிப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள், படுக்கையில் கிடக்கும் தாயையோ தகப்பனையோ உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிறோம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை; நாய் நுழையும், திருடன் வருவான் என்கிற பயந்தான். ஆனால் சித்திரை வெயிலில் ஓலைக் கூரை ஒன்று பற்றினால், காற்று அதை அடுத்த கூரைக்குக் கொண்டுபோக எவ்வளவு நேரமாகும்? சாவி வயலில் இருக்கும், கிழவி வீட்டில் இருப்பாள். இன்னொரு சாவி பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். கட்டில் வாசற்படிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்குக் காலணாச் செலவில்லை.

தீயணைப்பு வண்டி வராதா என்று கேட்கலாம். வரும். வருகிற வீரர்களுக்குத் தைரியத்தில் குறைவில்லை. எந்த அறையில் யார் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்தவர் அண்டை வீட்டுக்காரர் ஒருவர்தான். முதல் சில நிமிஷங்களும் அவர் கையில்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்து மாற்றுத் திறனாளிகளின் விவரங்களைப் பதிந்து வைத்திருக்க வேண்டும், அபாயம் பற்றி அவர்களுக்கு அறிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. நல்ல சட்டந்தான். ஆனால் பதிவேடு காஞ்சிபுரத்தில் இருக்கும், நெருப்பு திருப்புலிவனத்தில் பிடிக்கும். தவிரவும், இடுப்பொடிந்த நம் கலியாண வீட்டுப் பாட்டியைப் போன்றவர்களில் எத்தனை பேர் அடையாள அட்டை வாங்கியிருக்கிறார்கள்?

ஜப்பானியர் இதில் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 2011ஆம் வருஷத்து நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு, தாமாக வெளியேற முடியாதவர்களின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு ஊர் நிர்வாகமும் வைத்தாக வேண்டுமென்று 2013இல் விதித்தார்கள். 2021இல், இன்னாருக்கு இன்னார் துணை, போக வேண்டிய இடம் இன்னது என்று ஆளுக்கொரு திட்டம் எழுதி வைக்க ஊர் நிர்வாகங்கள் முயல வேண்டுமென்றும் சட்டத்தில் சேர்த்தார்கள்.

இதைக் கேட்டு உத்திரமேரூர்க்காரர்கள் மலைக்க வேண்டியதில்லை. பெயர் எழுதி வைக்கிற வித்தை இந்த ஊருக்குப் புதிதா? பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுக்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடும்புதோறும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் அமைத்தார்கள். அது எல்லாருக்கும் இடமிருந்த சபை அல்ல, நிலமும் வேதப் படிப்பும் உடையவர்களின் சபை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் குடும்பு குடும்பாகப் பெயர் தெரிந்து வைத்திருந்தார்கள். நமக்குக் குடமும் வேண்டாம், ஓலையும் வேண்டாம். வார்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். நடக்க முடியாதவர் பெயர், படுக்கும் இடம், அவரைத் தூக்க ஒப்புக்கொண்ட இரண்டு பேர், அவர்கள் வெளியூர் போனால் மாற்றாள் இருவர். சுற்றிலும் உள்ள ஊராட்சிகளில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒரு கூட்டத்தில் இந்த நோட்டைப் படித்தால் அரை மணி ஆகுமா?

பெயர் எழுதினால் மட்டும் போதாது, தூக்கிப் பழக வேண்டும். முதலில் தூக்கப்படுகிறவரைக் கேட்க வேண்டும். எங்கே பிடித்தால் வலிக்கும், எங்கே பிடிக்கலாம் என்பது அவருக்குத்தான் தெரியும். கையால் பிடித்துக்கொள்ளக் கூடியவர் என்றால், இருவர் மணிக்கட்டுகளைக் கோத்து ஆசனம் போடலாம். பள்ளிப் பிள்ளைகள் பல்லக்கு விளையாட்டில் செய்வதுதான். அது முடியாதவருக்கு நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி கூடாது, கால் பிளந்துவிடும். கெட்டியான மர நாற்காலியோ இரும்பு நாற்காலியோ எடுத்து, இடுப்பைச் சுற்றி ஒரு துண்டால் கட்டி, முகம் இறங்கும் திசையைப் பார்க்க, முதுகுப் பக்கம் சற்றே பின்னால் சாய்த்து இறக்க வேண்டும். வலுவுள்ளவன் மேலே, பின்பக்கம். ஒற்றை ஆளாக அகப்பட்டுக்கொண்டால் ஜமக்காளத்திலோ போர்வையிலோ கிடத்தித் தலைமாட்டைப் பிடித்துத் தரையோடு இழுக்கலாம். புகை மேலே நிற்கும், தரையருகே மூச்சுக் கிடைக்கும். ஊன்றுகோலைக் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே கொண்டுபோய் விட்டபின் அவருக்குக் கால் அதுதான். பாட்டரி வண்டி மட்டும் கிடக்கட்டும். அந்தப் பாரத்தோடு படியிறங்குவது முடியாத காரியம்.

மண்டபக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மாடியில் மணமேடை கட்டுகிறவர்கள், சரக்கு மூட்டையும் சமையல் அண்டாவும் அடுக்காத இரண்டாவது படிக்கட்டு ஒன்றையும் கட்டட்டும். கலியாண வீட்டாரும் மண்டபம் பிடிக்கும்போது "ஏ.சி. உண்டா?" என்று கேட்கிற வாயால் இதையும் கேட்கட்டும்.

அன்றைக்கு மூன்றாவது பந்தி முடிந்த பிறகுதான் பேரன் வந்தான். கூட இரண்டு பேர். நாற்காலியை முன்பக்கம் சாய்த்துப் பிடித்து இறங்கினார்கள். கடைசிப் படி வரைக்கும் பாட்டி அவன் சட்டைக் காலரை விடவே இல்லை.