ஞாயிற்றுக்கிழமை விருந்து

கொழிஞ்சாம்பாறையோ மூணாறு எஸ்டேட்டோ, எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் அமைந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். லீவு போட வேண்டாம். டயாலிசிஸ் செய்துகொள்ளும் பிள்ளைக்கு மட்டும் வாரத்திலேயே அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய நாள் அது.

வாரம் 3 முறை, தடவைக்கு 4 மணி நேரம் என்பது வழக்கம். திங்கள், புதன், வெள்ளி ஒரு செட். செவ்வாய், வியாழன், சனி இன்னொரு செட். எந்த செட்டானாலும் இரண்டு நாள் இடைவெளிக்குள் ஞாயிறு வந்துவிடும். அந்த நீண்ட இடைவெளி முடிகிற நாளில் இறப்பும் மாரடைப்பும் கூடுவதாக 2011-இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வாரம் 2 முறைதான் கட்டுப்படியாகும் என்றால் இடைவெளி இன்னும் நீளும்.

அன்றைக்குப் பார்த்து இலை விரிகிறது. நேந்திரங்காய் வறுவலிலும் பழத்திலும் பொட்டாசியம். பப்படமும் ஊறுகாயும் உப்பு. உப்பு தாகத்தைக் கிளப்பும். ரசம், மோர், பாயசம் எல்லாமே தண்ணீர்க் கணக்கு. சிறுநீர் பிரியாதவர்களுக்கு நாள் முழுக்க ஒரு லிட்டருக்குள்தான் டாக்டர் அளவு சொல்வார். "ஒரு சாயாகூடக் குடிக்காமப் போறியா?" என்று நாலு வீட்டில் கேட்டால் பாதி அங்கேயே தீர்ந்தது.

இதில் வைத்தியம் சொல்கிற உறவினர்கள் வேறு. கல்லடைப்புக்குக் கேள்விப்பட்ட வாழைத்தண்டுச் சாற்றையும் இளநீரையும் "கிட்னிக்கு நல்லது" என்று நீட்டுவார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகலாம். சோடியம் குறைந்த உப்பென்று கடையில் விற்பதும் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்ததே.

அதனால் அந்தப் பிள்ளை மெல்ல மெல்ல வராமல் போகிறது. நாமும் பாவம் என்று கூப்பிடாமல் விடுகிறோம். குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதித் தந்த பட்டியலில் பழம் உண்டு, பருப்பு உண்டு. சிநேகிதர்களைக் குறைக்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. குறைத்தது நாம்தான்.

கூப்பிடுங்கள். டயாலிசிஸ் அன்று சாயங்காலம் உடம்பு அசந்து கிடக்கும். மறுநாள் தெம்பாக இருக்கும், சினிமாவுக்கோ கால்பந்து பார்க்கவோ அன்றைக்கு அழைக்கலாம். சின்ன கிளாசில் அரைக் கட்டன் சாயா போதும். டயாலிசிஸில் புரதம் கொஞ்சம் வெளியேறிவிடுவதால், டாக்டர் சொன்ன அளவில் முட்டை வெள்ளைக்கருவும் மீனும் வேண்டியவைதான். கப்பையைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியம் ஓரளவு போகும். வடிக்கிற வழக்கம் நம் அடுப்படியில் முன்பே உண்டு. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த பிஸ்டுலா உள்ள கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

இலையில் இன்னொரு கரண்டி வற்புறுத்திப் போடுவதை நாம் பாசம் என்கிறோம். அந்தப் பிள்ளை போதும் என்றால், போதும்தான்.