பாலாற்றுக்கு வந்த கதி ஏலகிரிக்கு வரலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோல் பதனிடுவதும் காலணி தைப்பதும்தான் பலருக்குப் பிழைப்பு. வாரம் ஆறு நாள் உழைப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தால், "எங்கேயாவது அழைத்துப் போங்கள்" என்று குழந்தைகள் கேட்கிறார்கள்.

ஊட்டிக்குப் போகப் பணம் வேண்டும்; நாளும் வேண்டும். ஏலகிரிக்குப் பஸ் கட்டணமும் கட்டுச்சோறும் போதும். காலையில் போய் இரவுக்குள் வீடு திரும்பலாம். 'ஏழைகளின் ஊட்டி' என்று சும்மாவா சொன்னார்கள்!

14 வளைவுகள்

பொன்னேரியில் மலைப்பாதை தொடங்குகிறது. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். திருவள்ளுவர், கம்பர், பாரதியார், பாரி, ஓரி என்று குழந்தைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். மலை ஏறி முடிவதற்குள் ஒரு தமிழ்ப் பாடம் முடிந்துவிடும்!

கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கும் மேலே, குளிர்ந்த காற்று வீசுகிறது. புங்கனூர் ஏரியில் படகு விடுகிறார்கள். பலாவும் கொய்யாவும் மலைத் தேனும் கிடைக்கும். மழைக் காலத்தில், திருப்பத்தூர் பக்கம் ஜலகாம்பாறை அருவி கொட்டுகிறது.

மானும் விண்மீனும்

எதிரே இருப்பது ஜவ்வாது மலை. அதன் காடுகளில் மானும் கரடியும் வாழ்கின்றன. வேலூரில் இருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில், மலை அடிவாரத்தில், அமிர்தி உயிரியல் பூங்கா இருக்கிறது. மான், மயில், முதலை ஆகியவற்றை அங்கே பார்க்கலாம்.

அதே மலையில் காவலூர் வான் ஆய்வுக்கூடம் உள்ளது. 2.3 மீட்டர் விட்டக் கண்ணாடி பொருத்திய பெரிய தொலைநோக்கி, 1986-ல் அங்கே திறந்து வைக்கப்பட்டது. 1988-ல் காவலூரில் கண்டுபிடித்த ஒரு சிறு கோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரைச் சூட்டினார்கள். அங்கே இருட்டும் ஒரு செல்வம்! சுற்றிலும் விளக்கு பெருகினால் விண்மீன் மங்கிவிடும்.

பாலாறு சொல்லும் பாடம்

மலைக்குக் கீழே நடந்தது என்ன? தோல் தொழில் சோறு போட்டது. ஆனால், சுத்தம் செய்யாமல் விட்ட கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. "கெடுத்தவரே நஷ்டஈடு கொடுக்க வேண்டும்" என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்துவிட்டது, பழைய ஆறு வந்துவிட்டதா?

ஆறு கெட்டதற்கு ஆலைகளைக் குறை சொல்லலாம். மலை கெட்டால் யாரைக் குறை சொல்வது? அங்கே பிளாஸ்டிக் பைகளை வீசுவது ஆலை அல்ல. சுற்றிப் பார்க்கப் போகும் மக்கள்தான்.

வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். இரக்கப்பட்டுத் தின்பண்டம் வீசுகிறார்கள். அது இரக்கம் அல்ல! காட்டில் இரை தேடும் பழக்கத்தைக் குரங்கு மறந்துவிடும். வண்டிக்கு முன்னால் ஓடி வந்து அடிபட்டுச் சாகும்.

காடு வேடிக்கைப் பொருள் அல்ல. மலைவாழ் மக்களுக்கும் விலங்குகளுக்கும் அது வீடு. விருந்துக்குப் போன வீட்டில் யாராவது குப்பை கொட்டுவார்களா?

எல்லோரும் ஏலகிரிக்குப் போகட்டும். குழந்தைகளையும் அழைத்துப் போகட்டும். கட்டுச்சோறு கொண்டு போன பையிலேயே குப்பையையும் போட்டுத் திரும்பக் கொண்டு வரட்டும்.

"பாலாற்றில் தண்ணீர் ஓடியது" என்று தாத்தா சொல்லக் கேட்கும் பேரப்பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். "ஏலகிரி பச்சையாக இருந்தது" என்றும் அவர்கள் கதை கேட்கும் நிலை வரக்கூடாது!