பக்க எண் இல்லாத நகல், நகல் ஆகாது
குற்ற வழக்குகளில் வழங்கப்படும் ஆவண நகல்கள் குறித்த கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: சென்னை உயர் நீதிமன்றம்; தமிழ்நாடு அரசின் உள்துறை; காவல்துறைத் தலைமை இயக்குநர்; குற்ற வழக்குத் தொடர்வுத் துறை.

முன்வைப்போர்: தமிழ்நாட்டின் விசாரணை நீதிமன்றங்களில் வழக்காடும் வழக்கறிஞர்கள், வழக்கறிஞர் குமாஸ்தாக்கள், வழக்கைச் சந்திக்கும் குடும்பங்கள்.

முன்னுரை

ஒருவர் மீது குற்றம் சாட்டும் அரசு, எந்த ஆதாரத்தை வைத்துச் சாட்டுகிறது என்பதை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 207-ஆவது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 230-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர், அதாவது எதிரி, முன்னிலையான நாளிலிருந்து 14 நாள் என்று கெடுவும் விதிக்கிறது. ஆவணங்களை மின்னணு வடிவில் கொடுத்தாலே முறைப்படி கொடுத்ததாகக் கொள்ளப்படும் என்பது புதிய சட்டத்தின் ஏற்பாடு. நகல்கள் அட்டவணையிடப்பட்டிருக்க வேண்டும் என்கிறது 193-ஆவது பிரிவு. எந்தக் கோப்பு வடிவம், எப்படிப் பக்க எண் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. இந்த இடைவெளியில்தான் எங்கள் வழக்குகள் தடுமாறுகின்றன.

நகல் இன்று எப்படி வருகிறது? பென் டிரைவில் 'ஸ்கேன்0001' என்ற பெயரில் ஒரே பி.டி.எப். கோப்பு. முதல் தகவல் அறிக்கை நேராக இருக்கிறது. பார்வை மகஜர் பக்கவாட்டில் கிடக்கிறது. மாதிரி வரைபடம் தலைகீழாக நிற்கிறது. சாட்சி வாக்குமூலங்களுக்கு நடுவில் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் இரண்டாம் பக்கம் மட்டும் வருகிறது. சில பக்கங்களில் பென்சில் எண், சிலவற்றில் அடித்துத் திருத்திய எண், மற்றவற்றில் ஒன்றுமே இல்லை. சாட்சியின் பெயரைத் தட்டச்சிட்டுத் தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. உள்ளே இருப்பது எழுத்தல்ல, படம்.

குறுக்கு விசாரணையில் "பக்கம் 118-ஐப் பாருங்கள்" என்கிறோம். எங்கள் கட்டில் அது வாக்குமூலம். நீதிபதியின் கட்டில் ரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை. அரசு வழக்கறிஞரின் கட்டில் கைதுக் குறிப்பு. சாட்சி கூண்டில் காத்திருக்க, மூன்று பேரும் தாள்களைப் புரட்டுகிறோம். முந்தைய வாக்குமூலத்துக்கு முரணாகச் சாட்சி பேசினால், அந்த எழுத்தின் குறிப்பிட்ட பகுதியை அவருக்குச் சுட்டிக்காட்ட வேண்டும் என்கிறது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 148-ஆவது பிரிவு. சுட்டிக்காட்ட எண் வேண்டும். எண் குழம்பினால் முரண்பாடு பதிவாகாமல் போகும். முரண்பாடு பதிவாகாவிட்டால் ஒருவரின் விடுதலையே கைநழுவக்கூடும்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறோம்.

அ. பக்க எண்கள்

1. ஒரு வழக்குக்கு ஒரே எண் வரிசை. நகல் எடுப்பதற்கு முன்பே மூலக் கட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் குற்ற எண்ணும் ஐந்து இலக்கப் பக்க எண்ணும் அச்சாக வேண்டும். எடுத்துக்காட்டு: 148/2025–00001. நீதிமன்றம், அரசுத் தரப்பு, ஒவ்வொரு எதிரி, பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞர் என எல்லோருக்கும் அந்தக் கட்டிலிருந்தே நகல் போக வேண்டும். அமெரிக்க வழக்குகளில் இதைப் பேட்ஸ் எண் என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்வின் பேட்ஸ் காப்புரிமை பெற்ற எண் முத்திரைக் கருவியின் பெயர் அது. அன்று கைக்கருவி செய்த வேலையை இன்று இலவச மென்பொருளே செய்துவிடுகிறது.

2. எழுத்துள்ள பின்பக்கம், புகைப்படம், உறையின் மேற்புறம் எல்லாவற்றுக்கும் எண் வேண்டும். ஒலி, ஒளிக் கோப்புகளுக்குப் பதிலாகக் கட்டில் ஒரு எண்ணிட்ட தாள் இருக்க வேண்டும். கோப்பின் பெயர், கால அளவு, கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும்.

3. கூடுதல் இறுதி அறிக்கை தாக்கலாகும்போது, முந்தைய கட்டு முடிந்த எண்ணிலிருந்தே வரிசை தொடர வேண்டும். மீண்டும் 1-இலிருந்து தொடங்கக் கூடாது. நீதித்துறை நடுவர் விலக்கிய பக்கத்தின் இடத்தில், அதே எண்ணுடன் விலக்கிய காரணம் எழுதிய தாள் வைக்கப்பட வேண்டும்.

4. ஆவணம் விசாரணையில் அ.சா.ஆ.7 (அரசுத் தரப்புச் சான்றாவணம் 7) என்று குறியீடு பெற்ற பிறகும் பக்க எண் மாறக் கூடாது. அட்டவணையில் இரண்டும் அருகருகே இருக்க வேண்டும்.

5. தாளில் அச்சான எண்ணும் கணினித் திரையில் தெரியும் பக்க எண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 401-இல் தொடங்கும் கோப்பைத் திறந்தால் திரையிலும் 401 என்றே காட்ட வேண்டும். பி.டி.எப். வடிவத்திலேயே இதற்கு வசதி உண்டு.

ஆ. கோப்பு வடிவங்கள்

6. காவல் நிலையத்தில் ரைட்டர் வாக்குமூலத்தைக் கணினியில்தான் தட்டச்சு செய்கிறார். அதை அச்சிட்டு, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்யும்போது எழுத்து படமாகிவிடுகிறது. கையெழுத்திட்ட பிரதியின் ஸ்கேனோடு, தட்டச்சு செய்த எழுத்துக் கோப்பும் தரப்பட வேண்டும். அது யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகச் சிதறும், தேடவும் முடியாது. யூனிகோடை ஏற்று 2010-லேயே தமிழ்நாடு அரசு ஆணையிட்டுவிட்டது. விசாரணை நீதிமன்றங்களின் மொழி தமிழாக இருக்கையில், தமிழில் தேட முடியாத நகல் அரைகுறை நகலே.

7. ஸ்கேன்கள் நீண்டகாலப் பாதுகாப்புக்கான பி.டி.எப்./ஏ வடிவில், 300 டி.பி.ஐ. தெளிவில், ஆவணத்துக்கு ஒரு கோப்பாக, ஆவணத்தின் பெயரும் தொடக்கப் பக்க எண்ணும் தாங்கி வர வேண்டும். வாசிக்கச் சிரமமான கையெழுத்துப் பிரதிகளுக்குத் தட்டச்சுப் பிரதி உடன் இருக்க வேண்டும்.

8. செல்போன் அழைப்பு விவரப் பட்டியல்களை, நிறுவனம் அனுப்பிய கோப்பு வடிவிலேயே தர வேண்டும். எக்செலில் அவற்றை அப்படியே திறந்தால், 91-இல் தொடங்கும் 12 இலக்க எண்கள் அடுக்குக்குறியாகச் சுருங்கி முதல் சில இலக்கங்களே தெரிகின்றன. அதை அச்சிட்டு ஸ்கேன் செய்தால் யார் யாரை அழைத்தார் என்பதே அழிகிறது. அகலப் பட்டியலின் கடைசிப் பத்திகளில் இருக்கும் கோபுர விவரம் தாளின் விளிம்பில் வெட்டுப்படுகிறது.

9. கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை மூல வடிவிலும், எந்தக் கணினியிலும் ஓடும் எம்.பி.4 வடிவிலும் தர வேண்டும். பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. அந்த மதிப்பு நகலோடும் வர வேண்டும். மெமரி கார்டில் உள்ளவையும் ஆவணமே என்று 2019-இல் கோபாலகிருஷ்ணன் எதிர் கேரள அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் சம்பந்தப்பட்ட இடத்தில் பார்வையிட மட்டும் அனுமதி என்ற அதன் வரம்பையும் நாங்கள் முழுமனதோடு ஏற்கிறோம்.

10. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை மறைக்கும் இடங்களில் எழுத்தின் மேல் கறுப்புப் பட்டையை ஒட்டினால் போதாது. அடியில் உள்ள எழுத்தை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பெயர் வெளிப்பட்டுவிடும். எழுத்தையே கோப்பிலிருந்து நீக்க வேண்டும்.

இ. நகல் கைசேர்தல்

11. சிறையில் இருப்பவருக்குப் பென் டிரைவ் எதற்கு உதவும்? காவலில் உள்ளவர்களுக்கும், கணினி வசதி இல்லை என்று சொல்பவர்களுக்கும் தாள் நகல் கட்டாயம் தரப்பட வேண்டும். மின்னணு நகல் கூடுதல் வசதியாக இருக்கட்டும். தாளைப் பறிக்கும் காரணமாகக் கூடாது.

12. நகல் வழங்கும் நாளில் கோப்புகளை நீதிமன்றத்திலேயே திறந்து பார்க்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தில் 'நகல் பெற்றேன்' என்று மட்டும் இல்லாமல், எந்த எண் முதல் எந்த எண் வரை என்றும் பதிய வேண்டும். திறக்காத கோப்பை வழங்கியதாகப் பதிவு செய்யக் கூடாது.

13. அரசுத் தரப்பு சார்ந்து நிற்காத ஆவணங்களின் பட்டியலையும் எதிரிக்குத் தர வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி எல்லா வழக்குகளிலும் நடைமுறைக்கு வர வேண்டும்.

யார் செய்ய வேண்டும்

உயர் நீதிமன்றம் குற்றவியல் நடைமுறை விதிகளில் இவற்றைச் சேர்க்கட்டும். உள்துறை ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் தரமான ஸ்கேனரையும் பயிற்சியையும் கொடுக்கட்டும். இரவெல்லாம் தாள் அடுக்கும் ரைட்டரின் தலையில் இந்தச் சுமை மேலும் ஏறக் கூடாது. எண்ணும் அட்டவணையும் சரியாக உள்ளனவா என்று பார்த்த பிறகே இறுதி அறிக்கை தாக்கலாவதைக் குற்ற வழக்குத் தொடர்வுத் துறை உறுதி செய்யட்டும்.

எங்கள் கடமையும் உண்டு. எதிரித் தரப்பில் நாங்கள் தாக்கல் செய்யும் ஆவணங்களுக்கும் இதே எண் முறையையும் கோப்பு வடிவங்களையும் பின்பற்ற உறுதி அளிக்கிறோம்.

இந்தப் பதின்மூன்று கோரிக்கைகளில் ஒன்றுக்குக்கூடப் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கையும் ஒரு விதித் திருத்தமும் போதும். சக வழக்கறிஞர்களே, அடுத்த முறை நகல் வாங்கும்போது பக்கங்களைச் சரிபார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். குறை இருந்தால் அன்றே மனு கொடுங்கள். அதிகாரத்தில் உள்ளோரே, குற்றச்சாட்டை எதிர்கொள்பவர் அதைப் படித்து, தேடி, எண் சொல்லி மறுக்கும் வகையில் நகல் கொடுங்கள்.