கடுகு டப்பாவும் பூட்டும்

சின்ன வயதில் எலுமிச்சைச் சாற்றில் எழுதி, விளக்குச் சூட்டில் காட்டிப் படித்தது நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். என் அம்மா மளிகைக் காசில் மிச்சம் பிடித்ததைக் கடுகு டப்பாவுக்குள் புதைத்து வைப்பார். (அப்பாவுக்குத் தெரியும். தெரியாதது போல இருந்துவிடுவார்.)

இதையெல்லாம் கிளறிவிட்டவன் என் அண்ணன் பேரன். புகைப்படத்துக்குள் எழுத்தை ஒளித்து வைக்கும் மென்பொருள் ஒன்று செய்திருக்கிறான். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் உள்ள எண்ணில் கடைசி பிட்டை மட்டும் மாற்றுவதாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அமெரிக்காவில் வாங்க ஆள் இருக்கிறது. "சின்னத் தாத்தா, நீங்க ஏற்றுமதி பேப்பர் பார்த்தவர்தானே, இது என்கிரிப்ஷன் கணக்கில் வருமா?" என்று கேட்டான்.

விளையாட்டுக் கேள்வி இல்லை. பிஜிபி என்ற குறியாக்க மென்பொருளை எழுதிய ஃபில் சிம்மர்மன் மீது அமெரிக்காவில் ஏற்றுமதி விதியை மீறியதாக மூன்று வருடம் விசாரணை நடந்தது. 1996இல்தான் வழக்கில்லாமல் விட்டார்கள்.

இன்று அமெரிக்க விதியும், 2017 டிசம்பரில் நாம் சேர்ந்த பிறகு நம் ஸ்கோமெட் பட்டியலும் வாசெனார் உடன்பாட்டை ஒட்டியே போகின்றன. தகவலின் உள்ளடக்கத்தை மறைப்பதற்காகத் தரவை உருமாற்றுவது குறியாக்கம் என்கிறது அதன் இலக்கணம். 'மறைப்பது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஒளித்து வைப்பதும் குறியாக்கம்தான் என்று வாதிடலாம். நான் ஒப்பமாட்டேன். அடுத்த வரியிலேயே, ரகசியச் சாவி போன்ற ஒன்றைக் கொண்டு மாற்றினால்தான் சேரும் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். வெளியிலிருந்து சாவி எதையும் ஏற்காத, மாறாத குறியீட்டு முறை சேராது என்றும் சொல்லியிருக்கிறார்கள். கடுகு டப்பா பூட்டு ஆகாது.

ஆனால் பையனைக் குடைந்தபோது வேறு கதை வந்தது. எந்தெந்தப் புள்ளியில் ஒளிப்பது என்பதைக் கடவுச்சொல்தான் தீர்மானிக்கிறதாம். போதாததற்கு, ஒளிக்கும் முன் எழுத்தை 256 பிட் ஏஇஎஸ் முறையில் பூட்டிவிடுகிறான். பட்டியலில் கோடு போட்டிருப்பதோ 56 பிட்டில்! டப்பாவுக்குள் இருப்பது பூட்டிய பெட்டி. பெயர் 'பட ஒளிப்பான்' என்றிருந்தால் என்ன? பொருள் என்ன வேலை செய்கிறதோ அதுதான் கணக்கு. பில்லில் ஒரு சொல் பிசகியதற்காக ஒரு சரக்கு துறைமுகத்தில் பதினோரு நாள் கிடந்ததைப் பார்த்தவன் நான்.

அனுப்பும் முன் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்துக்கு எழுதிக் கேள் என்றேன். முகத்தைச் சுளித்தான். நேற்று கடித வரைவை அனுப்பியிருந்தான். அதில் கடவுச்சொல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.