நூலின் முகப்பில் ஒரு பெயர்

ஐதராபாத்தின் ஆபிட்ஸ் நடைபாதையில் ஞாயிறுதோறும் பழைய நூல்கள் விற்கப்படுவதைக் கண்டிருப்பீர்கள். தம் இறையனுபவங்களைத் தாமே எழுதித் தம் செலவிலேயே அச்சிட்டோரின் நூல்களும் அத்தகைய கடைகளில் கிடைப்பதுண்டு. சிலவற்றின் அட்டையில் ஆசிரியரின் பெயரைவிடப் பட்டங்கள் நீண்டிருக்கும். அவற்றைக் காணும்போதெல்லாம் எனக்கு இராமலிங்கர் நினைவுக்கு வருகிறார்.

இளமையில் கண்ணாடியில் முருகனின் காட்சி பெற்றவர் எனப் போற்றப்படுபவர் அவர். தம் ஏக்கங்களை எல்லாம் பாடல்களாகவே எழுதி வைத்தார். அவற்றை அச்சிட விரைந்தாரல்லர். அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாரோ, பாடல்கள் வந்து சேரும்வரை நாளுக்கு ஒருவேளையே உண்பதென உறுதி பூண்டார். இராமலிங்கர் இசைந்தார். எனினும், தம்மை 'இராமலிங்கசாமி' என வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது, அது வேண்டா என்று கடிதம் எழுதினார்.

1867இல் திருவருட்பா வெளிவந்தது. அதனைப் பதிப்பித்த மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் 'சாமி'யை விலக்கினார். 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்பதைச் சேர்த்துவிட்டார்! அன்பு அவ்வளவு எளிதில் கீழ்ப்படியுமா?

நூலைப் பலரறியச் செய்வது தவறென்று நான் கருதவில்லை. இரத்தின முதலியார் பசி பொறுத்திராவிடில் அப்பாடல்கள் நம்மை வந்தடைய இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ! ஆனால், தமக்குத் தாமே பட்டம் சூட்டி அச்சிடுவதை என் மனம் ஏற்கவில்லை. மாணவர் இட்ட பெயரே இன்று நிலைத்திருக்கிறது. வள்ளலார் என்றால்தான் பலருக்கும் அவரைத் தெரிகிறது.